கார் என்ஜினுக்கு ஒரு "கூலர்"! பெரிதாக மாற்றினால் வேகம் கூடுமா?

குளத்தூர் தாலுகாவின் தலைமையிடமான கீரனூர் வழியாகத் திருச்சி–புதுக்கோட்டை சாலை போகிறது. சித்திரை மாதத்தில் தார் ரோடு கொதிக்கும். அந்த அனல் காற்றைத்தான் அங்கே ஓடும் கார்களின் என்ஜினும் சுவாசிக்கிறது!

இப்போது பல கார்களில் "டர்போ" இருக்கிறது. அது என்ன?

என்ஜினில் இருந்து வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சிறு சக்கரம் சுழலும். அதே அச்சில் உள்ள மற்றொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, என்ஜினுக்குள் திணிக்கும். காற்று கூடினால் எரிபொருளையும் கூடுதலாக எரிக்கலாம். சக்தி பெருகும். சுவிட்சர்லாந்து என்ஜினீயர் ஆல்ஃபிரட் பூச்சி இந்த யோசனைக்கு 1905-ல் காப்புரிமை பெற்றார்.

சைக்கிள் பம்பு சொல்லும் பாடம்

1990-களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கத்தின்போது, புதுக்கோட்டை மாவட்டப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். சைக்கிளுக்குக் காற்று அடித்தவர்களுக்குத் தெரியும்: வேகமாக அடித்தால் பம்பின் அடிப்பகுதி சுடும். காற்றை அழுத்தினால் சூடாகும்!

டர்போவிலும் இதுவே நடக்கிறது. 35 டிகிரி காற்றை இரு மடங்கு அழுத்தினால், அதன் சூடு 130 டிகிரியை நெருங்கிவிடும். சூடான காற்று விரியும், அடர்த்தி குறையும்.

இதற்குத்தான் "இன்டர்கூலர்". பார்ப்பதற்கு ரேடியேட்டர் போல இருக்கும். உள்ளே சூடான காற்று போகும். வெளியே எதிர்க்காற்று வீசிச் சூட்டைத் தணிக்கும். 130 டிகிரி காற்று 60 டிகிரிக்கு இறங்கினால், அதே அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் காற்று என்ஜினுக்குக் கிடைக்கும். ஆனால் வெளிக்காற்றைவிடக் குளிர்ச்சியாக அதை மாற்ற முடியாது.

பெரிய கூலர் போட்டால்?

சூடு இன்னும் தணியும். உண்மைதான். ஆனால் தொல்லைகளும் உண்டு. பெரிய பெட்டி நிரம்பக் காற்றுக்கு நேரம் பிடிக்கும். காலை அழுத்தியதும் கார் சட்டென்று பாயாது. வழி சரியாக அமையாவிட்டால் அழுத்தம் குறையும். டர்போ கூடுதலாகச் சுழன்று தேயும். ரேடியேட்டரை மறைத்தால் என்ஜின் கொதிக்கும்.

அதனால்தான் "ட்யூனிங்" தேவைப்படுகிறது. பெட்ரோல் முழுவதும் எரிய, அதன் எடையைப் போல 14.7 மடங்கு காற்று வேண்டும். என்ஜினின் கம்ப்யூட்டர் காற்றை அளந்து பெட்ரோல் விடுகிறது. காற்று அதன் கணக்கை மீறிக் கூடினால் பெட்ரோல் போதாது, என்ஜின் சூடேறும்.

குளிர்ந்த காற்றில் "நாக்கிங்" குறையும். ஆகவே தீப்பொறியைச் சற்று முன்னதாக விடலாம். கூடுதல் சக்தி இதில்தான் கிடைக்கிறது. ஆனால் பேராசைப்பட்டு டர்போவின் அழுத்தத்தையும் கண்டபடி ஏற்றினால் என்ன ஆகும்? பிஸ்டனே ஓட்டையாகலாம்! பல வருடச் சேமிப்பு ஒரே நாளில் போய்விடும்.

டீசல் காரில் கணக்கு வேறு. டீசலைக் கூட்டாமல் காற்றை மட்டும் கூட்டினால் சக்தி அவ்வளவாக ஏறாது. டீசலை அளவு மீறிக் கூட்டினாலோ கரும்புகை கக்கும், சூடும் ஏறும்.

முதலில் செய்ய வேண்டியது

காரின் வேகம் குறைந்தால் உடனே புதுக் கூலர் வாங்க ஓடவேண்டாம். இருக்கும் கூலரில் தூசியும் பூச்சியும் அடைத்திருக்கிறதா, ரப்பர் குழாயில் வெடிப்பு உண்டா என்று பாருங்கள். குழாய் கசிந்தால் "உஸ்" என்ற சத்தம் கேட்கும், இழுவை குறையும். பெரும்பாலும் சிறு செலவில் சரியாகிவிடும்.

மாற்றியே தீரவேண்டுமானால், கூலரையும் ட்யூனிங்கையும் சேர்த்தே செய்யத் தெரிந்த மெக்கானிக்கிடம் போங்கள். கம்பெனி தந்த உத்தரவாதம் போய்விடுமா என்று முன்பே கேளுங்கள். வாகனத்தை மாற்றி அமைப்பதற்கு 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கட்டுப்பாடு விதிக்கிறது. அதையும் மறக்க வேண்டாம்.

விரலுக்குத் தக்க வீக்கம் என்பார்கள். என்ஜினுக்குத் தக்க கூலர் போதும்!