நரைத்த பிளாஸ்டிக்குக்கு என்ன வைத்தியம்?

இருபது வருஷம் ஓடிய காரின் உள்ளே பிளாஸ்டிக் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வெளுத்திருக்காது. கதவின் உட்பலகையில், கண்ணாடி இறங்கும் விளிம்பை ஒட்டிய பகுதி நரைத்துக் கிடக்கும். அதே பலகை ஆர்ம்ரெஸ்டுக்குக் கீழே கிட்டத்தட்ட புதுசாக இருக்கும். பின்சீட்டுக்குப் பின்னால் உள்ள தட்டு எல்லாவற்றுக்கும் முந்தி வெளுத்து, விரலால் அழுத்தினாலே மொறுக்கென்று விரியும். எல்லாம் ஒரே வயசுதான். ஆனால் அவற்றின் மேல் விழும் வெயிலும், அதை வடிகட்டும் கண்ணாடியும் ஒன்றல்ல.

முன்கண்ணாடி லேமினேட்டட் வகை. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் படலம் புற ஊதாக் கதிரை ஏறக்குறைய முழுசாகத் தடுத்துவிடும். பக்கக் கண்ணாடிகளும் பின்கண்ணாடியும் பெரும்பாலான கார்களில் டஃபன்டு கண்ணாடிகள். இவை ‘பி’ வகைப் புற ஊதாவைத் தடுத்தாலும், 315 முதல் 400 நானோமீட்டர் வரையிலான ‘ஏ’ வகையில் கணிசமான பங்கை உள்ளே விட்டுவிடும். கதவுப் பலகையும் பின்தட்டும் வாங்குவது அந்த அடியைத்தான். டேஷ்போர்டுக்குப் பிரச்சினை வேறு: வெப்பம். அமெரிக்காவின் அரிசோனாவில் நடந்து 2018இல் வெளியான ஓர் ஆய்வில், கோடை வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற கார்களின் டேஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி செல்சியஸைத் தொட்டிருந்தது. நம்மூர் அக்னி நட்சத்திரமும் அதற்கு அதிகம் இளைத்ததல்ல.

உட்பலகைகளில் அதிகம் பயன்படுவது பாலிப்ரொப்பிலீன், கடைக்காரர்கள் பி.பி. என்பார்கள். கார்பன் அணுக்கள் கோத்த நீளச் சங்கிலி அது. அதில் ஒன்றுவிட்டு ஒரு கார்பனில் இருக்கும் ஹைட்ரஜன் எளிதில் பிய்த்துக்கொள்ளும். புற ஊதா அங்கே ஒரு பிணைப்பை உடைத்துவிட்டால் காற்றிலுள்ள ஆக்சிஜன் வந்து ஒட்டிக்கொள்ளும். அது அடுத்த ஹைட்ரஜனைப் பிடுங்கும், சங்கிலி துண்டு துண்டாகும். இதைத் தடுக்க ஆலையிலேயே நிலைப்படுத்திகளைக் கலக்கிறார்கள். கறுப்புப் பலகையில் உள்ள கார்பன் கறுப்பும் கதிரை விழுங்கிக் காவல் காக்கும். ஆனால் நிலைப்படுத்திக்கும் ஆயுள் உண்டு. அது தீர்ந்த பிறகு மேல்தோல் வறண்டு, கண்ணுக்குத் தெரியாத அளவில் வெடிக்கும். பி.பி.யில் கலந்திருக்கும் டால்க் தூளும் மேலே எட்டிப் பார்க்கும்.

அப்படியானால் நிறம் எங்கே போயிற்று? பெரும்பாலும் எங்கேயும் போகவில்லை. விரலை நனைத்து, நரைத்த இடத்தில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். ஈரம் இருக்கும்வரை அந்தக் கோடு கன்னங்கரேலென்று தெரியும். காய்ந்ததும் மறுபடி சாம்பல். கண்ணாடியை நொறுக்கினால் தூள் வெள்ளையாகத் தெரிகிறதே, அதே கணக்குதான் இது. நுண்வெடிப்புகளுக்குள் இருக்கும் காற்றின் ஒளிவிலகல் எண் 1, பி.பி.யுடையது சுமார் 1.49. இந்த இடைவெளியால் ஒளி ஒவ்வொரு வெடிப்பிலும் சிதறி வெண்மையாகத் திரும்புகிறது. தண்ணீரின் எண் 1.33, தேங்காய் எண்ணெயுடையது 1.45. வெடிப்புக்குள் திரவம் புகுந்ததும் இடைவெளி சுருங்கி, சிதறல் அடங்கி, அடியில் இருக்கும் நிறம் தெரிகிறது. எண்ணெய் தடவினால் பலகை பளிச்சென்று ஆவதன் ரகசியம் இவ்வளவுதான். சில நாளில் அது தூசியைக் கூட்டிக்கொண்டு பிசுபிசுக்கும்.

ஆகவே முதல் வேலை நோயைப் பிரித்துப் பார்ப்பது. நரை என்று நாம் நினைப்பதில் பாதி, மேற்பரப்பின் சொரசொரப்புக் குழிகளில் அடைந்த அழுக்காகவே இருக்கலாம். மென்மையான பிரஷ், சோப்புத் தண்ணீர், நல்ல துணி போதும். தின்னரும் அசிட்டோனும் பக்கத்திலேயே வரக்கூடாது: ஏபிஎஸ் வகைப் பிளாஸ்டிக்கை அசிட்டோன் கரைத்தே விடும்.

கழுவிக் காய்ந்த பிறகும் வெளுப்பு நின்று, ஈர விரலுக்கு மட்டும் கறுத்தால் மேல்தோல் கெட்டிருக்கிறது. நீர் அடிப்படையிலான டிரஸ்ஸிங் கொஞ்ச நாள் கைகொடுக்கும். டேஷ்போர்டுக்கு மினுக்கும் வகை வேண்டாம். அதன் பிம்பம் முன்கண்ணாடியில் விழுந்து ஓட்டுபவரின் கண்ணை மறைக்கும். ஸ்டியரிங்கிலும் பெடலிலும் எதையும் தடவவே கூடாது. ஹீட் கன் வைத்துக் கறுப்பை மீட்பவர்களும் உண்டு. மேல்தோல் இளகி வெடிப்புகள் மூடிக்கொள்வதால் நிறம் திரும்பும்தான். ஆனால் பி.பி. உருகுவது சுமார் 160 டிகிரியில், ஏபிஎஸ் இளகுவது சுமார் 105 டிகிரியிலேயே. கை ஒரு நொடி தாமதித்தால் பலகை கோணும், சொரசொரப்பு வழவழப்பாகிவிடும். தீர்ந்துபோன நிலைப்படுத்தியும் திரும்பி வராது.

ஈர விரலுக்கும் நிறம் வராவிட்டால் பெயின்ட்தான் வழி. பலகையைக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள். > < என்ற இரண்டு குறிகளுக்கு நடுவே பிளாஸ்டிக்கின் வகை அச்சாகியிருக்கும். பி.பி. என்றால் எச்சரிக்கை. அதன் மேல் தண்ணீர் முத்து முத்தாக நிற்பதுபோல் பெயின்ட்டும் பரவாமல் நிற்கும். காய்ந்தாலும் நகத்தால் உரிக்கலாம். அதனால்தான் பம்பர் அடிக்கும் கடைகளில் முதலில் பி.பி. பிரைமர் போடுகிறார்கள். குளோரின் ஏற்றிய பாலியோலெஃபின் கலந்த அந்தத் திரவம் ஒரு முகத்தால் பிளாஸ்டிக்கையும் மறு முகத்தால் பெயின்ட்டையும் பிடித்துக்கொள்ளும். அதற்கு முன் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைப்பது கட்டாயம். எப்போதோ தடவிய சிலிக்கான் பாலிஷ் துளி மிச்சமிருந்தாலும் பெயின்ட் அங்கே விலகி மீன்கண் போலக் குழி விழும். உப்புத்தாளை அழுத்தித் தேய்த்தால் சொரசொரப்பு போய்விடும், லேசாகத் தடவினால் போதும். உள்பலகைக்கென்று விற்கும், வளைந்து கொடுக்கும் மேட் பெயின்டை மெல்லிய பூச்சுகளாக, ஒன்று காய்ந்தபின் ஒன்றாக அடிக்க வேண்டும். தடித்தால் சொரசொரப்பு மூழ்கிவிடும். நிறத்துக்கு மாதிரி வேண்டுமானால் ஆர்ம்ரெஸ்டுக்கு அடியில் வெயில் படாமல் தப்பிய பகுதியைப் பாருங்கள். ஏர்பேக் மூடியை மட்டும் யாரும் தொடக்கூடாது. அது குறித்த இடத்தில் பிளந்து திறக்க வேண்டியது.

கழற்றுவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. குளிர்ந்த பிளாஸ்டிக் உடையும், சற்று வெதுவெதுப்பானது வளையும். வெயிலில் கொஞ்ச நேரம் காரை நிறுத்திவிட்டு, பிளாஸ்டிக் நெம்பி வைத்து கிளிப் இருக்கும் இடத்துக்கு அருகிலேயே நெம்புங்கள். பவர் விண்டோ வயர் இருந்தால் பிளக்கைக் கழற்றிய பிறகே பலகையை இழுக்க வேண்டும்.

இவ்வளவு செய்தாலும் திரும்பி வருவது நிறம் மட்டுமே, பலமல்ல. துண்டான சங்கிலிகளை எந்தப் பூச்சும் ஒட்ட வைக்காது. ஓரத்தை லேசாக வளைத்ததும் பொடி உதிர்கிறதா? அந்தப் பலகைக்கு பெயின்ட் செலவு வீண். சென்னைக்காரர்கள் புதுப்பேட்டையில் தேடலாம். மற்ற ஊர்களிலும் பழைய கார் உதிரிக் கடைகள் இருக்கின்றன. அங்கே நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், கிளிப் மாட்டும் கால்கள் ஒன்றும் உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். நிறத்தை ஸ்பிரே டப்பா பார்த்துக்கொள்ளும். ஒடிந்த காலுக்கு எந்த டப்பாவிலும் மருந்தில்லை.