நியாய வணிகம் தருமம் அல்ல

‘நியாய வணிகப் பொருள்களை வாங்கி ஏழைகளுக்கு உதவுவோம்’ என்ற வரி கட்டுரைகளில் அடிக்கடி வரும். மாணவர்களே, இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. இது உதவி இல்லை, உழைப்புக்குரிய விலை. எப்படின்னு பார்ப்போம்.

சாக்லேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உலகக் கொக்கோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா ஆகிய இரு நாடுகளில்தான் விளைகிறது. சந்தை விலை சரிந்தால் முதல் அடி அங்குள்ள சிறு விவசாயிக்கு.

‘ஃபேர்டிரேட்’ சான்றிதழ் இதற்கு இரண்டு ஏற்பாடுகளை வைத்திருக்கிறது. ஒன்று, குறைந்தபட்ச விலை. 2019 அக்டோபரில் சாதாரணக் கொக்கோவின் ஏற்றுமதி விலை டன்னுக்கு 2,400 அமெரிக்க டாலர் என்று நிர்ணயிக்கப்பட்டது. மற்றொன்று, டன்னுக்கு 240 டாலர் கூடுதல் தொகை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த விதிப்படி, சந்தை விலை 2,000 டாலராக இருந்தாலும் வாங்கும் நிறுவனம் 2,640 கொடுக்க வேண்டும். சந்தை விலை 3,000 ஆனால் 3,240. கூடுதல் தொகை விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போகும். பள்ளிக்கா, கிணற்றுக்கா, நாற்றுக்கா என்பதை உறுப்பினர்களே வாக்களித்து முடிவு செய்வார்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம்: கடையில் நாம் கொடுக்கும் அதிகப்படியான காசு முழுவதும் விவசாயிக்குப் போய்ச் சேராது. இதையும் எழுதுங்கள், உங்கள் வாதம் பலப்படும்.

ஆசிரியர்களே, சாக்லேட் உறைகளைக் கொண்டுவரச் சொல்லி, முத்திரையைத் தேட வையுங்கள். பிறகு அந்த முதல் வரியை இப்படித் திருத்தலாம்: ‘விலை சரியும் காலத்திலும் விவசாயியின் உழைப்புக்கு மதிப்புக் கிடைக்க, நியாய வணிகப் பொருள்களை வாங்குவோம்.’