மைக்செட் ஓட்டிய தட்டுகள்

ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரி காந்தி வீதியில் கூடும் சண்டே மார்க்கெட்டில் சட்டை, செருப்பு, பழைய சாமான்களுக்கு நடுவே எப்போதாவது ஒரு கட்டு இசைத்தட்டும் கண்ணில் படும். நாட்டுப்புறப் பாட்டு இருக்கிறதா என்று கேட்டால் கடைக்காரர் உதட்டைப் பிதுக்குவார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தப் பெயரில் தமிழில் வந்த தட்டுகளே குறைவு. விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன், புஷ்பவனம் குப்புசாமி போன்றவர்களின் குரல் வீடுவீடாகப் போய்ச் சேர்ந்தது கேசட்டில்தான்.

தட்டுக் காலத்தில் நாட்டுப்புற மெட்டு வேறு வீடுகளில் குடியிருந்தது. காவடிச்சிந்து வேண்டுமானால் பக்திப் பாடல் கட்டைப் புரட்டுங்கள். தெம்மாங்கும் கும்மியும் நாடகப் பாட்டிலோ சினிமாப் பாட்டிலோ ஒளிந்திருக்கும். இளையராஜாவின் முதல் படமான ‘அன்னக்கிளி’ (1976) தட்டை நாட்டுப்புற வரிசையில் வைக்கலாமா? நான் வைப்பேன். பிரெஞ்சுத் தட்டு கிடைத்தாலும் நமக்கெதற்கு என்று ஒதுக்க வேண்டாம். பிரெஞ்சு வானொலியின் ஒக்கோரா நிறுவனம் 1950-களின் இறுதியிலிருந்து பல நாடுகளின் மரபிசையை வெளியிட்டுவருகிறது; இந்திய இசையும் அதில் உண்டு.

தட்டைக் கையில் எடுத்ததும் கனம் பாருங்கள். கனமாக, வளைந்து கொடுக்காமல் இருந்தால் அது நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டு. அது வினைல் அல்ல, அரக்கு. கீழே போட்டால் தட்டு தட்டாக இருக்காது. அதில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்தான் பாட்டு. விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தை அதற்குள் எப்படி அடக்குவது? அதனால் தனியாக வெட்டி எடுக்கக்கூடிய சின்னப் பாட்டுக்கே இடம் கிடைத்தது. பிறகு வந்த வினைலில், 45 சுற்று ஈ.பி.யில் பக்கத்துக்கு ஆறேழு நிமிடமும் 33⅓ சுற்று எல்.பி.யில் இருபது நிமிடத்துக்குக் குறையாமலும் பிடித்தது. வில்லுப்பாட்டு போன்றவை கொஞ்சம் மூச்சு விட்டது அப்போதுதான்.

அடுத்து, தட்டை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். பளபளப்பு போய்ச் சாம்பல் பூத்திருந்தால் அது தேய்ந்தது. பல தட்டுகள் கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் மைக்செட்காரர்கள் ஓட்டியவை. கனத்த கைமுள் வருஷக்கணக்கில் உழுத பள்ளம் எந்தக் கழுவலுக்கும் சரியாகாது. நடு லேபிளில் பேனாவால் எழுதிய சவுண்ட் சர்வீஸ் பெயர் இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். ஆனால் அரிய பாட்டு என்றால் கரகரப்போடு வாங்கிவிடுவதே புத்திசாலித்தனம்; நல்ல பிரதிக்குக் காத்திருந்து கோட்டை விட்டவர்களில் நானும் ஒருவன்.

வெள்ளைப் புள்ளிகள் வேறு விஷயம். அது பூஞ்சை. கடலோர ஈரத்தில் அட்டை உறை நமுத்து, அதிலிருந்து தட்டுக்கு ஏறுகிறது. பெரும்பாலும் கழுவினால் போய்விடும். பேட்டரிக்கு ஊற்றும் சுத்த நீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஓரிரு சொட்டு விட்டு, மெல்லிய துணியால் வரி போகும் திசையிலேயே துடையுங்கள். லேபிள் நனையக் கூடாது. ஸ்பிரிட் போட்டால் பளிச்சென்று ஆகும் என்று யாராவது சொன்னால், 78 தட்டை அவர்கள் கையில் கொடுக்காதீர்கள்: அரக்கு ஸ்பிரிட்டில் கரையும்.

முள்ளும் ஒன்றல்ல. 78 தட்டின் வரி அகலமானது. அதற்கு வினைல் முள்ளைப்போல் மூன்று மடங்கு தடித்த முனை வேண்டும். பழைய குழாய் கிராமபோனின் எஃகு முள்ளை வினைலில் வைத்தால் ஒரே ஓட்டத்தில் பாட்டு சுரண்டிப் போய்விடும். வாங்கிய தட்டுகளைப் புத்தகம்போல நிறுத்தி வையுங்கள். படுக்கப்போட்டு அடுக்கி, மொட்டைமாடி அறையில் ஒரு சித்திரை மாதம் விட்டுவைத்தால், தட்டு அப்பளமாக நெளிந்திருக்கும்.