அறிவும் உணர்ச்சியும்: நரம்பு நார்கள் காட்டும் உறவு

அறிவு ஆள்வது, உணர்ச்சி ஆளப்படுவது என்னும் கருத்து மெய்யியலிலிருந்து நரம்பியலுக்கு வந்ததாகும். ஆங்கிலேய நரம்பியலாளர் ஹியூலிங்ஸ் ஜாக்சன் 1884இல் நிகழ்த்திய பேருரைகளில் நரம்புத்தொகுதியைப் படிநிலைகளாக வகுத்து, மேல்நிலை நீங்கின் கீழ்நிலை கட்டவிழும் என்றார். அதற்கு அவர் காட்டிய உவமை நாட்டின் ஆளுங்குழுவாகும். உடற்கூற்றின் மொழியிலும் சமுதாயத்தின் படிநிலை புகுந்துவிடுகிறது.

இக்கருத்தைச் சோதிப்பதற்கு உகந்த களம், நெற்றிக்குப் பின்னுள்ள முன்நுதற் புறணிக்கும் மூளையின் அடிப்புறத்திலுள்ள பரிவகக்கீழுக்குமிடையிலான உறவாகும். முன்னது திட்டமிடல், தீர்மானித்தல் ஆகியவற்றோடு தொடர்புடையது. பின்னது பசி, தாகம், உடல்வெப்பம் ஆகியவற்றைச் சீராக்கிக் கபச்சுரப்பியையும் இயக்குவது.

இவ்வுறவு தெளிவாகு முன்னரே கத்தி முந்திக்கொண்டது. 1935இல் லிஸ்பனில் எகாஸ் மொனிஸ், மனநோய் தீர்க்கவென நுதல்மடலின் நார்களைச் சிதைக்கும் சிகிச்சையைத் தொடங்கினார். 1949இல் நோபல் பரிசு பெற்றார். சோவியத் ஒன்றியம் 1950இல் இதனைத் தடைசெய்தது. அதற்குள் பல நாடுகளில் ஆயிரக்கணக்கானோர் இச்சிகிச்சைக்கு ஆளாகியிருந்தனர். மறுக்க வலுவற்ற மனநல மருத்துவமனைவாசிகள் அவர்களுட் பலர்.

1950களில் வால்ரர் நௌற்றா புதிய வெள்ளிச்சாய முறையொன்றை உருவாக்கினார். கலத்திலிருந்து துண்டிக்கப்பட்ட நார் அழியும். அழியும் நாரை மட்டும் கருமையாகக் காட்டுவதே இம்முறை. இதன் துணையால் குரங்கின் முன்நுதற் புறணியிலிருந்து பரிவகக்கீழுக்கு நேரடியாகச் செல்லும் நார்களை அவர் கண்டார். ஆயின் புண்ணுண்டாக்கிய இடத்தின் ஊடாக வெறுமனே கடந்துசெல்லும் நார்களும் அழிவதால், மூலம் எதுவெனப் பிழைபட முடிவுசெய்ய இடமிருந்தது. 1970களில், நார்முனையில் உட்புகுந்து கலவுடலுக்குப் பின்னோக்கிச் செல்லும் நொதியச் சுவடுகாட்டிகள் இக்குறையைப் பெருமளவு குறைத்தன. மக்காக்குரங்குகளில் ஒங்கூர், அன், பிறைஸ் ஆகியோர் 1998இல் வெளியிட்ட ஆய்வு, இந்நார்கள் பெரும்பாலும் புறணியின் உட்பக்கத்திலிருந்தும் கட்குழிக்கு மேலுள்ள பகுதியிலிருந்தும் வருவதைக் காட்டிற்று. வெளிப்பக்கத்திலிருந்து வருவன மிகச் சில. மனிதரில் காந்தப் படமெடுப்பு, நீர் மூலக்கூறுகளின் அசைவிலிருந்து நார்ப்பாதைகளை உய்த்துணர்கிறது. ஆயினும் செய்தி எத்திசையிற் செல்கிறது என்பதை அது காட்டாது.

முக்கியமானது யாதெனில், பாதை ஒருவழிப்பட்டதன்று. பரிவகக்கீழின் கலங்களும் புறணிக்கு நேரடியாக நார்களை அனுப்புகின்றன. நுதல்மடல் உடலின் உள்நிலையை ஆள்வது மட்டுமன்றி, அதனை உணர்ந்தும் செயற்படுகிறது என 1971இல் நௌற்றா வாதிட்டார். ஆள்வோன், ஆளப்படுவோன் என்ற உவமை இங்கு தகர்ந்து, இயக்கவியல் உறவொன்று புலப்படுகிறது.

எனினும் இதனைக் கொண்டு மனித நடத்தை முழுவதையும் நார்களால் விளக்க முனைவது இயந்திரப் பொருள்முதல்வாதமாகும். பசி எழும் பாதையை நரம்பியல் காட்டலாம்; ஒருவன் பசித்திருக்க மற்றொருவன் உண்பது ஏன் என்பதற்கு விடை சமுதாய உறவுகளிலேயே உள்ளது. இவ்விரண்டையும் குழப்பிய அறிவியல், சமுதாயத்தின் துயரைத் தனிமனிதனின் மூளையில் தேடிக் கத்தியை எடுத்தது என்பதை நாம் மறத்தலாகாது.