உங்களுக்குத் தெரியுமா? வளரும் பாறைகள்!

மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவில், ஹேமலின் பூல் என்ற ஆழமற்ற கடல்நீர்ப் பரப்பில், பாறைகள் உயிரோடு வளர்கின்றன. ஸ்ட்ரோமடோலைட் என்று பெயர். கட்டுபவை சயனோபாக்டீரியாக்கள், நம் நெல்வயலில் உயிர் உரமாக இடும் நீலப்பச்சைப் பாசியின் இனம்தான். அவற்றின் பிசுபிசுப்பான படலத்தில் மணல் துகள்கள் ஒட்டும், சுண்ணாம்பு படிந்து இறுகும். வெளிச்சம் தேடி நுண்ணுயிர்கள் மேலேறி அடுத்த அடுக்கைப் போடும். ஆண்டுக்கு அரை மில்லிமீட்டர் வளர்ந்தாலே அதிகம்! சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் கம்பளி ஏற்றிவந்த வண்டிகளின் தடம் அங்கே இன்னும் மறையவில்லை.

கடலைவிட இருமடங்கு உப்பு என்பதால் மேய்ந்து தின்னும் நத்தைகள் அங்கே குறைவு. அதனால்தான் ஸ்ட்ரோமடோலைட்டுகள் தப்பின. மெக்சிகோவின் பக்கலார் நன்னீர்க் காயலிலும் இவற்றின் உறவுகள் உண்டு; சுற்றுலாப் பயணிகள் ஏறி மிதிப்பதால் உடைகின்றன என்பது வேதனை.

இந்த வம்சத்தின் வயது சுமார் 350 கோடி ஆண்டு. நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனை முதன்முதலில் காற்றில் நிரப்பியவை சயனோபாக்டீரியாக்களே.

கோவை காந்திபுரத்திலிருந்து ஆஸ்திரேலியா தூரம். ஆனால் ஆந்திராவின் கடப்பா படுகையில், வெம்பள்ளி அடுக்குகளில், சுமார் 190 கோடி ஆண்டுப் பழமையான ஸ்ட்ரோமடோலைட் புதைபடிவங்கள் உள்ளன. வெட்டுமுகத்தில் வளைவு வளைவான வரிகளாகத் தெரியும். கோவையை அடுத்த நம் மதுக்கரையிலும் சுண்ணாம்புக்கல் உண்டு. ஆனால் அது பூமிக்கடியில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய கல். அத்தகைய வரிகள் இருந்திருந்தாலும் தப்பியிருக்காது.