கடலை இழந்த துறைமுகம்

நெதர்லாந்து நாட்டின் வடமேற்குப் பகுதியில், நீர்ப்பரப்பினுள் நீண்டு செல்லும் நிலமுனை ஒன்றின் நுனியில் என்க்ஹைசன் என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. ஆம்ஸ்டர்டாம் நகரிலிருந்து இரயிலில் புறப்படுவோர் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் அவ்வூரை அடைவர். அதற்கப்பால் இருப்புப்பாதை இல்லை. நிலையத்தின் வாயிலில் நின்றாலே நீரும் பாய்மரங்களும் கண்ணுக்குத் தெரியும். மக்கள்தொகை 20,000க்கும் குறைவு. கால்வாய்களின் இருமருங்கும் செங்கல் வீடுகள் நெருங்கி நிற்கின்றன. துறைமுகத்தின் வாயிலில் 1540ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட டிரோமடாரிஸ் என்னும் பருத்த கோட்டை வாயில் இன்றும் காவல் நிற்கிறது. அதன் உச்சியில் உள்ள மணிகள், ஹெமோனி என்னும் புகழ்பெற்ற மணிவார்ப்பாளர் குடும்பத்தார் 17ஆம் நூற்றாண்டில் வார்த்தவை.

அவ்வூரின் சின்னத்தில் மூன்று ஹெரிங் மீன்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ஆனால் இக்காலத்தில் அத்துறைமுகத்திற்கு முன்னே வலை வீசுவோர்க்கு ஒரு ஹெரிங் மீனும் கிடைக்காது. காரணம், முன்னாளில் அங்கே அலையெறிந்த கடல் இன்று நன்னீர் ஏரியாக இருப்பதே. அக்கடல் வற்றிவிடவும் இல்லை. கரையை விட்டு விலகிப் போகவும் இல்லை. நாட்டு மக்கள் சட்டம் இயற்றி, அணை கட்டி, தம் கடலைத் தாமே ஏரியாக மாற்றிக்கொண்டனர். அதனால் நாடு பெற்றது பெரிது. என்க்ஹைசனும் அதன் அண்டை ஊர்களும் இழந்ததும் சிறிதன்று.

இவ்வூரைச் சூழ்ந்த நிலப்பகுதி மேற்கு ஃபிரீஸ்லாந்து எனப்படும். மலையோ குன்றோ அங்கே காண இயலாது. எங்கு நோக்கினும் பசும்புல் வெளியும், நேர்கோடாய் ஓடும் வாய்க்கால்களும், அவற்றிற்கு மேலே பரந்த வானமுமே தோன்றும். நிலத்தின் பெரும்பகுதி கடல்மட்டத்திற்குத் தாழ்ந்து கிடக்கிறது. இயற்கையிலேயே அஃது அவ்வளவு தாழ்ந்திருக்கவில்லை. பழங்காலத்தில் அது மட்கிய தாவரங்கள் நிறைந்த சதுப்பு நிலமாய் இருந்தது. உழவர் பயிரிடுவதற்காக வாய்க்கால் வெட்டி நீரை வடித்தனர். நீர் வடிந்ததும் அம்மண் பிழிந்த பஞ்சுபோல் சுருங்கித் தாழ்ந்தது. தாழ்ந்த நிலத்தில் மீண்டும் நீர் தேங்கவே, மேலும் வடிக்க வேண்டியதாயிற்று. நிலம் மேலும் தாழ்ந்தது. இவ்வாறு மக்கள் உழைக்க உழைக்க, அவர்களுடைய வயல் கடலுக்குக் கீழே இறங்கிக்கொண்டே சென்றது. ஆகவே ஊர்கள் பல ஒன்றுகூடிக் கரை எழுப்பின. தனித்தனியே எழுந்த கரைகள் 13ஆம் நூற்றாண்டில் இணைந்து, 126 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரே வளையமாயின. அவ்வளையத்தின் பெரும்பகுதி இன்றும் அழியாமல் உள்ளது.

கடலும் வாளா இருக்கவில்லை. 12, 13ஆம் நூற்றாண்டுகளில் எழுந்த பெரும்புயல்கள் வடபுறக் கரைகளை உடைத்துக்கொண்டு உட்புகுந்தன. முன்பு ஏரி இருந்த இடத்தில் உட்கடல் ஒன்று உருவாயிற்று. அதுவே சைடர்சே, தென்கடல் என்பது அப்பெயரின் பொருள். அக்கடலின் கரையில் அமைந்த என்க்ஹைசன், 14ஆம் நூற்றாண்டின் நடுவில் நகர உரிமை பெற்றது.

அந்நகரை உயர்த்தியது ஹெரிங் மீனே. அதன் செவுளையும் குடலையும் கப்பலிலேயே நீக்கி, உப்பிட்டு, மரப்பீப்பாய்களில் அடைத்து, தொலைநாடுகளுக்கும் கெடாமல் அனுப்பும் முறையில் ஹாலந்து மக்கள் தேர்ச்சி பெற்றிருந்தனர். மீன்பிடித்தல் ஒன்று வளர, அதனோடு கப்பல் கட்டுவோர், பாய் தைப்போர், கயிறு திரிப்போர், பீப்பாய் செய்வோர், உப்பு வணிகர் ஆகிய பலரும் வளர்ந்தனர். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகரின் மக்கள்தொகை 20,000ஐத் தாண்டியிருந்தது. இன்றுள்ளதைவிட அது மிகுதி என்பது கருதத்தக்கது. தச்சரும் வணிகரும் மட்டுமன்றி, கலைஞரும் அங்கே தோன்றினர். மாடுகளை உயிரோவியமாகத் தீட்டிய பவுலஸ் போட்டர் 1625இல் பிறந்தது இவ்வூரிலேயே.

அந்நாளில் இவ்வூரில் வாழ்ந்தோருள் யான் ஹைகன் வான் லின்ஸ்கோட்டன் என்பவர் குறிப்பிடத்தக்கவர். ஹார்லெம் நகரில் பிறந்து என்க்ஹைசனில் வளர்ந்த அவர், இளமையிலேயே போர்ச்சுகீசியருடன் இந்தியாவிற்குக் கப்பலேறினார். 1583 முதல் சில ஆண்டுகள் கோவா நகரத்துப் பேராயரிடம் செயலாளராகப் பணியாற்றினார். போர்ச்சுகீசியர் மறைபொருளாகப் போற்றி வந்த கடல்வழிகள், காற்றின் போக்கு, துறைமுகங்களின் நிலை ஆகிய அனைத்தையும் குறித்துக்கொண்டு ஊர் திரும்பினார். அவ்வூர் மருத்துவர் பலுடானஸ் என்பவரின் துணையோடு அவர் எழுதிய ‘இட்டினெராரியோ’ என்னும் பயணநூல் 1596இல் வெளிவந்தது. கிழக்குக் கடல்களின் கதவை ஒல்லாந்தர்க்குத் திறந்துவிட்டது அவருடைய எழுத்தே எனில் மிகையாகாது. 1602இல் ஒல்லாந்தர் கிழக்கிந்தியக் கம்பெனி தோன்றியபோது, அதன் ஆறு கிளை மன்றங்களுள் ஒன்று என்க்ஹைசனில் அமைந்தது. அக்கம்பெனியே பின்னர்த் தமிழகக் கரையில் பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை கொண்டு, சோழமண்டலத்துத் துணிகளை வாங்கி, கீழைத் தீவுகளின் நறுமணப் பொருள்களுக்கு மாற்றி வாணிகம் செய்தது. ‘மிளகு இல்லம்’ எனப் பெயர் பெற்ற கம்பெனியின் பண்டகசாலை இன்றும் என்க்ஹைசன் கரையில் நிற்கிறது.

அவ்வளமை நிலைத்து நிற்கவில்லை. ஆங்கிலேயரோடு நேர்ந்த போர்கள் வாணிகத்தைக் குலைத்தன. துறைமுகத்தில் வண்டல் படிந்தது. பெரிய கப்பல்கள் ஆம்ஸ்டர்டாமை நாடின. மக்கள் வெளியேற, ஆளற்ற வீடுகள் இடிக்கப்பட்டன. கோட்டைக்குள்ளேயே மாடுகள் மேயத் தொடங்கின. மதிலுக்குள் அமைந்த ஒரு பகுதிக்கு ‘உழவர் மூலை’ என்னும் பெயர் இன்றளவும் வழங்குகிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான் ஊர் மீண்டும் மூச்சுவிட்டது. 1885இல் இருப்புப்பாதை வந்தது. அக்கரையிலுள்ள ஸ்டாவரன் என்னும் ஊருக்கு நீராவிக் கப்பல் ஓடியது. உட்கடலில் ஹெரிங், நெத்திலி, விலாங்கு ஆகிய மீன்கள் நிறையக் கிடைத்தன. பழுப்புநிறப் பாய் விரித்த படகுகள் துறைமுகத்தை மீண்டும் நிறைத்தன.

இந்நிலையில் 1916ஆம் ஆண்டு சனவரித் திங்களில் பெரும்புயல் ஒன்று வீசியது. சைடர்சேயின் கரைகள் பல இடங்களில் உடைந்து, ஊர்களும் மேய்ச்சல் நிலங்களும் நீரில் மூழ்கின. அப்போது ஐரோப்பாவில் முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தமையால் நாட்டில் உணவுத் தட்டுப்பாடும் இருந்தது. உட்கடலின் வாயையே அடைத்துவிட வேண்டும் என்னும் பழைய கருத்து இப்போது வலுப்பெற்றது. கார்னெலிஸ் லேலி என்னும் பொறியாளர் 1891லேயே அதற்குத் திட்டம் வகுத்திருந்தார். அவர் அமைச்சராகவும் இருந்த காலத்தில், 1918ஆம் ஆண்டு, சட்டம் நிறைவேறியது. கடலின் சீற்றத்தைத் தடுத்தல், புதிய விளைநிலம் பெறுதல், நன்னீர் சேர்த்தல் ஆகியவை அதன் நோக்கங்கள்.

மீனவர் என் செய்வர்? அவர்கள் வேண்டாமென்றனர், மனுச் செய்தனர், ஆயினும் எண்ணிக்கையில் சிறியவர்களாகிய அவர்களுடைய குரல் வெல்லவில்லை. தொழிலிழப்போர்க்கு உதவ 1925இல் தனிச்சட்டம் ஒன்று செய்யப்பட்டது. படகையும் வலையையும் தவிர வேறொன்றும் அறியாத முதியவர்க்கு உதவித்தொகை சோறு தரலாம், தொழிலைத் தருமா?

1927இல் அணைவேலை தொடங்கியது. கடலின் அடித்தளம் அரிபடாமல் இருக்க, வில்லோ மரத்தின் மெல்லிய கிளைகளைப் பின்னிப் பெரும்பாய்களாக்கி, கல்லேற்றி நீரில் அமிழ்த்தினர். அவற்றின்மேல், பனியாறுகள் முற்காலத்தில் கொணர்ந்து படியவைத்த கல் கலந்த களிமண்ணைக் கொட்டினர். அலையால் எளிதில் கரையாத அக்களிமண் அவ்வுட்கடலின் தரையிலேயே கிடைத்தது நற்பேறே. இருபுறமிருந்தும் கரை நெருங்க நெருங்க, இடையிலுள்ள வழி குறுகி, ஓதநீர் ஆறுபோல் சீறிப் பாய்ந்தது. 1932ஆம் ஆண்டு மே 28ஆம் நாள் இறுதி இடைவெளி அடைக்கப்பட்டது. 32 கிலோமீட்டர் நீளமுள்ள அவ்வணை எழுந்ததைக் காண லேலி உயிரோடில்லை. 1929இல் அவர் மறைந்துவிட்டார்.

ஐசல் ஆறு தொடர்ந்து நன்னீரைக் கொணர, அணையிலுள்ள 25 மதகுகள் மிகுநீரைக் கடலுக்கு வடித்தன. சில ஆண்டுகளில் உப்பு அகன்றது. சைடர்சே என்னும் பெயரும் அகன்று, ஐசல்மேர் ஏரி என்னும் பெயர் வந்தது. முட்டையிடக் கடலிலிருந்து வந்துகொண்டிருந்த ஹெரிங் மீனுக்கும் நெத்திலிக்கும் வழி அடைபட்டது. நீர் மாறிய தொடக்க ஆண்டுகளில் கொசு போன்ற பூச்சிகள் புகைமண்டலம்போல் கிளம்பிக் கரையோர மக்களை வருத்தின. விலாங்கு பிடித்துச் சிலர் பிழைத்தனர். பலர் படகை விற்றனர்.

அணையின் பயன் 1953இல் வெளிப்பட்டது. பிப்ரவரி முதல் நாள் இரவில் வடகடல் பொங்கி, நாட்டின் தென்மேற்கில் 1,836 உயிர்களைப் பலிகொண்டது. அவ்விரவில் வடக்கேயிருந்த அணை அசையவில்லை. பழைய உட்கடலின் கரையூர்கள் பிழைத்தன. அணை வேண்டியதே என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் பயனை நாடு முழுவதும் பெற, விலையைக் கொடுத்தவர் கரையோர மீனவர் மட்டுமே என்பதையும் மறைத்தல் ஆகாது.

என்க்ஹைசனுக்குப் புதுவாழ்வு நிலத்திலிருந்து வந்தது. சுற்றுப்புறத்துக் களிமண் நிலம் காய்கறிக்கு ஏற்றது. முட்டைக்கோசும் பூக்கோசும் உருளைக்கிழங்கும் அங்கே செழித்து வளரும். 1970ஆம் ஆண்டுகளில் நிலங்கள் சீர்திருத்தப்பட்டுச் சாலைகள் வரும்வரை, உழவர் பலர் வயலுக்குப் படகிலேயே சென்று, விளைபொருளையும் படகிலேயே கொணர்ந்தனர். நல்ல விதையைத் தேர்ந்து விற்பதும் அப்பகுதியில் ஒரு தொழிலாக வளர்ந்தது. 1867இல் தொடங்கிய சுலைஸ் குரூட் என்னும் விதை நிறுவனம் அதற்கு முன்னோடி. இன்று இவ்வட்டாரம் காய்கறி, மலர் விதைகளுக்கு உலகப்புகழ் பெற்றது. முன்பு மீன்பீப்பாய்கள் போன நாடுகளுக்கு அப்பாலும் இவ்வூரிலிருந்து விதைப்பொட்டலங்கள் போகின்றன.

எஞ்சிய நீருக்கும் ஒருமுறை ஆபத்து வந்தது. ஏரியின் தென்பகுதியையும் வடித்து நிலமாக்கும் எண்ணத்தோடு, என்க்ஹைசனிலிருந்து லேலிஸ்டாட் வரை ஏறக்குறைய 27 கிலோமீட்டர் நீளத்திற்குக் கரை போடப்பட்டது. 1975இல் அது முடிந்தது. லேலிஸ்டாட் என்பது, ஏரியை வடித்துப் பெற்ற நிலத்தில் எழுந்து, லேலியின் பெயரைத் தாங்கிய நகரம். ஆனால் இம்முறை எதிர்ப்பு வென்றது. பறவைகளும் படகுகளும் உலவும் நீரை இழக்க மக்கள் விரும்பவில்லை. பல்லாண்டு வாதத்திற்குப் பின் திட்டம் கைவிடப்பட்டது. கரை சாலையாகப் பயன்படுகிறது. அச்சாலையில் என்க்ஹைசனுக்கு அருகே 2003இல் புதுமையான நீர்வழி ஒன்று திறக்கப்பட்டது. மேலே கப்பல்கள் நீரில் மிதந்து செல்ல, கீழே உந்துவண்டிகள் ஓடுகின்றன.

மறைந்த கடலின் வாழ்வைக் காக்க இவ்வூரிலேயே சைடர்சே அருங்காட்சியகம் உள்ளது. மிளகு இல்லம் அதன் ஒரு பகுதி. திறந்தவெளிப் பகுதி 1983இல் திறக்கப்பட்டது. பழைய உட்கடலைச் சுற்றியிருந்த ஊர்களிலிருந்து மீனவர் வீடுகளையும், மீனைப் புகையிடும் கொட்டகையையும், சிப்பியைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கும் சூளைகளையும் கொணர்ந்து அங்கே நிறுவியுள்ளனர். சில வீடுகள் பிரிக்கப்படாமல் முழுதாகவே நீர்வழியே மிதந்து வந்தன.

துறைமுகத்தில் இன்று நிற்கும் பழம்படகுகள் வலை வீசுவதில்லை. விடுமுறைக்கு வருவோரை ஏற்றிச் செல்கின்றன. அவற்றைச் செலுத்தும் தலைவர்களுக்குக் காற்றின் போக்கையும் பாயின் நுட்பத்தையும் பயிற்றும் கடற்பயணப் பள்ளி ஒன்றும் என்க்ஹைசனில் உண்டு. குளிர்காலத்தில் படகுகள் கரையோரம் கட்டப்பட்டிருக்கும்போது அங்கே வகுப்புகள் நடைபெறும். வேனில் வந்ததும் மாணாக்கர் மீண்டும் பாய் விரிப்பர்.