இரத்தம் கொடுத்த பின் ஒரு வாய்: ஒரே மாவில் காரமும் இனிப்பும்

குடுமியான்மலையிலிருந்து புதுக்கோட்டைக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர். வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்க வேண்டிய பெரியவர் ஒருவர் முதல் நாள் இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டுப் படுக்கிறார். விடியுமுன் எழுந்து, பேருந்தைப் பிடித்து, சீட்டு வாங்கி, வரிசையில் அமர்ந்து, இரத்தம் கொடுத்து எழும்போது மணி ஒன்பதரை ஆகிவிடுகிறது. பதின்மூன்றரை மணி நேரப் பட்டினி. உடன் வந்த மகளும் சாப்பிட்டிருப்பதில்லை. ‘அப்பா ஒன்றும் சாப்பிடாமல் இருக்கும்போது எனக்கு எப்படி இறங்கும்’ என்பதே அவர் விடை. பரிசோதனைக் கூடத்திற்கு வெளியே நாள்தோறும் நாம் காணும் காட்சி இது.

காலைப் பலகாரமும் மதியச் சோறும் ஒன்றாகக் கலந்துவிடும் இந்த வேளை உணவை மேலைநாட்டார் ‘பிரஞ்ச்’ என்று அழைத்து, இனிப்பும் காரமும் சேர்த்து அடுப்பில் சுட்டெடுத்த பண்டங்களை மேசையில் பரப்புகின்றனர். நம் பக்கத்துக்கு இது புதிதன்று. விடியற்காலையில் வயலுக்குப் போனவர்கள் பத்து, பதினொரு மணிக்குத் தூக்குவாளியைத் திறந்து உண்டதும் இதே வேளைதான். இனிப்பும் காரமுமாகச் சுட்டெடுக்கும் பண்டமும் நம்மிடமே உண்டு. அது குழிப்பணியாரம். ஒரே மாவைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியில் தாளிதமும் மறுபாதியில் வெல்லமும் சேர்த்தால் குடும்பம் முழுவதற்கும் உணவாகிறது. நோயாளிக்கு என்று தனி அடுப்பு, தனிப் பாத்திரம், தனிச் சோகம் வேண்டியதில்லை.

ஆனால் எவர் எந்தப் பாதியை உண்பது, எப்போது உண்பது என்பதில் கவனம் வேண்டும். அதனாலேயே இக்கட்டுரை.

முதலில் மாத்திரையைப் பற்றிச் சொல்லிவிடுவோம். நீரிழிவுக்கான மாத்திரையையோ இன்சுலினையோ வழக்கம்போல் வீட்டிலேயே எடுத்துக்கொண்டு, பிறகு சாப்பிடாமல் பேருந்தேறி வருபவர்கள் இருக்கின்றனர். இது ஆபத்தானது. மருந்து தன் வேலையைச் செய்யத் தொடங்கிவிடும். வயிற்றில் உணவு இராது. இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, கண் இருட்டல், குழப்பம் ஆகியவை தோன்றும். வெறும் வயிற்றுப் பரிசோதனை நாளில் சர்க்கரை மருந்தைக் கையோடு கொண்டுவாருங்கள். முதல் இரத்தம் கொடுத்த பின், உணவுப் பெட்டி கைக்கு வந்த பின், மருத்துவர் சொன்னபடி எடுத்துக்கொள்ளுங்கள். இரத்த அழுத்தம், தைராய்டு முதலியவற்றின் மாத்திரைகளுக்கு வேறு முறை இருக்கலாம். முந்தைய வருகையிலேயே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. தண்ணீர் குடிக்கத் தடையில்லை. தண்ணீரும் கூடாது என்று எண்ணி நா வறண்டு வருபவர்களும் உண்டு. அவர்களுக்கு நரம்பு கிடைப்பதே அரிதாகி, ஊசி இருமுறை குத்த நேரிடுகிறது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை மட்டும் எழுதப்பட்டிருந்தால் பட்டினியே தேவையில்லை என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

இனி மாவுக்கு வருவோம். இரண்டு கோப்பை இட்லி அரிசி, அரைக் கோப்பை உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம். நான்கு மணி நேரம் ஊறவைத்து, இட்லி மாவைவிடச் சற்றே கொரகொரப்பாக அரைத்து, உப்பிட்டு, இரவு முழுதும் புளிக்க விடவேண்டும். குடுமியான்மலையைச் சுற்றிய மானாவாரி நிலங்களில் வரகும் சாமையும் பழைய உறவினர். அவை வீட்டில் இருந்தால் அரிசியில் பாதியை எடுத்துவிட்டு அவற்றைச் சேர்க்கலாம். நார்ச்சத்து கூடும், பணியாரத்தின் மேல்தோல் நன்றாக மொறுமொறுக்கும். ஆனால் சிறுதானியம் என்றால் சர்க்கரையே ஏறாது என்ற எண்ணம் பலரிடம் வேரூன்றியிருக்கிறது. அது சரியன்று. வரகிலும் மாவுச்சத்தே மிகுதி. அளவு அங்கேயும் அளவுதான்.

இந்த அளவு மாவில் ஏறக்குறைய 36 பணியாரம் வரும். மாவை இரண்டாகப் பிரியுங்கள்.

காரப் பாதிக்கு: இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, கடலைப்பருப்பு தாளித்து, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் இரண்டு கைப்பிடி, இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை சேர்த்து வதக்குங்கள். வெங்காயத்தை அவசரப்படாமல், பொன்னிறமாகும்வரை வதக்கினால் அதனுள் இருக்கும் இனிமை வெளிப்படும். சர்க்கரை நோயாளிக்கு இனிப்பின் நிழலையாவது தருவது இந்த வெங்காயமே. துருவிய கேரட் ஒரு கைப்பிடியும் அப்படித்தான். ஆறிய பின் மாவில் கலக்கவேண்டும். முருங்கைக்கீரை சேர்ப்பது நம் வழக்கம், நல்லதும்கூட. எனினும் சிறுநீரக நோய்க்காகப் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களும், இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் மாத்திரை உண்பவர்களும் மருத்துவரைக் கேளாமல் திடீரென்று கீரையைக் கூட்டவேண்டாம்.

இனிப்புப் பாதிக்கு: 100 கிராம் வெல்லத்தை அரைக் கோப்பைக்கும் குறைவான நீரில் கரைத்து வடிகட்டுங்கள். மண் இருக்கும், வடிகட்டாமல் ஊற்றினால் பல்லில் தெரியும். முழுதும் ஆறிய பின் ஏலக்காய், சிறிது சுக்குத்தூள், இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்த் துருவலோடு மாவில் சேருங்கள். சூடாக ஊற்றினால் மாவு கெட்டுப்போகும். வெல்லம் சேர்ந்து மாவு நீர்த்துவிட்டால் ஒரு கரண்டி அரிசிமாவு போதும்.

இங்கே ஒரு சொல்மயக்கத்தைத் தீர்த்தாக வேண்டும். பக்கத்துச் செட்டிநாட்டில் ‘வெள்ளைப் பணியாரம்’ என்பது பச்சரிசியும் உளுந்தும் அரைத்து எண்ணெயில் பொரித்தெடுப்பது. காரச் சட்னியோடு உண்பது. ‘வெல்லப் பணியாரம்’ இனிப்பு. சிறு எழுத்து வேறுபாட்டில் உணவுக் குறிப்பே தலைகீழாகிறது. ஆலோசனை அறையில் ‘பணியாரம் சாப்பிட்டேன்’ என்று மட்டும் சொல்லாமல், எது, எத்தனை என்றும் சொல்லுங்கள். நாங்களும் கேட்கக் கடமைப்பட்டவர்கள்.

இரும்புப் பணியாரக் கல்லை நன்றாகக் காயவைத்து, குழிக்குக் கால் தேக்கரண்டி எண்ணெய் விட்டு, முக்கால் அளவு மாவூற்றி மூடுங்கள். ஓரம் பிரிந்ததும் கம்பியால் திருப்பி, மறுபுறம் மூடாமல் சுடவேண்டும். காரத்திற்கு மிதமான தீ. இனிப்புக்கு அதனினும் குறைந்த தீ. வெல்லம் விரைவில் கருகும். வெளியே கறுத்து உள்ளே வேகாத பணியாரத்துக்குக் காரணம் பெரும்பாலும் சுடுபவரின் அவசரமே. ஆகவே காரத்தை முதலில் சுட்டுவிட்டு, கல்லின் சூடு தணிந்த பின் இனிப்பைத் தொடங்குவது எளிது.

நின்று திருப்பிக்கொண்டிருக்க நேரமோ உடம்போ இடங்கொடாத உடனிருப்போர் பலர். அவர்களுக்கு வேறு வழி உண்டு. குசராத்தியர் அரிசியும் பருப்பும் அரைத்துப் புளிக்கவைத்த மாவில் சுரைக்காயைத் துருவிச் சேர்த்து, சிறிது இனிப்பும் காரமும் கலந்து, மேலே எள் தாளித்துக் கனமான அடையாகச் சுடுவர். ‘ஹாண்ட்வோ’ என்பது அதன் பெயர். மலபாரில் வெல்லம் கலந்த அரிசி மாவின்மேல் வதக்கிய சின்ன வெங்காயத்தையும் தேங்காய்ச் சில்லையும் தூவிச் சுடும் ‘கலத்தப்பம்’ இருக்கிறது. பழைய நாளில் கலத்தின் மூடிமேலும் கனலிட்டு, மேலும் கீழும் ஒருசேர வேகவைத்தனர். அடுமனை அடுப்பு செய்வதும் அதையே. நம் மாவுக்கும் இம்முறை பொருந்தும்.

இரண்டு கோப்பைக் காரமாவை எடுத்து, அதில் இரண்டு முட்டைகளை அடித்துக் கலந்து, எண்ணெய் தடவிய அடிகனமான பாத்திரத்தில் இரண்டு விரல் உயரத்திற்கு மிகாமல் ஊற்றுங்கள். இறுக்கமான மூடியிட்டு, பழைய தோசைக்கல் ஒன்றின்மேல் வைத்துச் சிறுதீயில் 20 நிமிடம் விடுங்கள். நடுவில் ஈர்க்குச்சியைச் செருகினால் மாவு ஒட்டாமல் வரவேண்டும். தட்டில் கவிழ்த்து, மறுபுறம் ஐந்தாறு நிமிடம் சிவக்கவிடலாம். மின்னடுப்பு இருப்பவர்கள் 180 பாகையில் அரைமணி நேரம் வைக்கலாம். உப்பிவருவதற்காகச் சமையல் சோடா போடவேண்டாம். அதில் சோடியம் இருக்கிறது, மாவு புளித்திருந்தால் அதற்குத் தேவையும் இல்லை. முட்டை ஒன்றில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் உண்டு. அறுவைச் சிகிச்சைக்குப் பின் தேறி வருபவருக்கும் காசநோய்க்கு மருந்துண்பவருக்கும் வெறும் அரிசி மாவைக் காட்டிலும் இது மேலானது. முட்டை உண்ணாதார் ஊறவைத்த பாசிப்பருப்பை ஒரு கைப்பிடி அரைத்துச் சேர்க்கலாம்.

இனிக் கணக்கு. நடுத்தர அளவில் நான்கு பணியாரம் இரண்டு இட்லி மாவுக்கு ஏறத்தாழ ஈடு. அதற்குமேல் ஒரு தேக்கரண்டி எண்ணெயும் சேர்கிறது. வழக்கமாக மூன்று இட்லி உண்ணும் சர்க்கரை நோயாளி காரப் பணியாரம் ஆறு உண்ணலாம், பத்து உண்ணலாகாது. மாவு முழுவதற்கும் இரண்டு தேக்கரண்டி உப்பு இட்டிருந்தால் நான்கு பணியாரத்தில் ஒரு கிராமுக்குச் சற்று அதிகமான உப்பு இருக்கும். நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் நிறுத்துக என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அழுத்த நோயும் இதய நோயும் உள்ள வீட்டில் உப்பைப் பாதியாக்குங்கள். வெங்காயமும் இஞ்சியும் அக்குறையை மறைத்துவிடும்.

இனிப்புப் பணியாரம் ஒவ்வொன்றிலும் ஐந்தரை கிராம் வெல்லம். நான்கு தின்றால் 22 கிராம். நோயற்றவருக்கே நாளொன்றுக்குச் சேர்க்கப்படும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருப்பது நன்று. வெல்லம் நல்லது, கருப்பட்டி அதனினும் நல்லது, சர்க்கரை நோய்க்கு அவை ஒன்றும் செய்யா என்பதை ஒவ்வொரு வாரமும் கேட்கிறோம். இரண்டிலும் பெரும்பகுதி நாம் வெள்ளையாக வாங்கும் அதே சர்க்கரைதான். நிறம் மாறினாலும் இரத்தத்தில் அதன் வேலை மாறுவதில்லை. ஆகவே பெரியவருக்குக் காரம். இனிப்பு, களைத்து அமர்ந்திருக்கும் மகளுக்கும் உடன் வந்த பேரக் குழந்தைக்கும். மருந்தின் காரணமாக வாய்ருசி கெட்டு எடை குறைந்து வருபவர்க்கு, சர்க்கரை நோய் இல்லையெனில், இனிப்புப் பாதி பெருந்துணை. ஒரு வேளைக்கு இரண்டு என்று சிறிதாக, அடிக்கடி கொடுங்கள்.

இதையும் நினைவிற் கொள்ளுங்கள். காத்திருக்கும்போது நோயாளிக்கு நடுக்கமும் வியர்வையும் வந்தால் இனிப்புப் பணியாரத்தை எடுத்து நீட்டவேண்டாம். மாவும் எண்ணெயும் சேர்ந்த பண்டத்திலிருந்து சர்க்கரை மெல்லவே இரத்தத்தில் கலக்கும். மூன்று தேக்கரண்டி சர்க்கரையையோ குளுக்கோசையோ நீரில் கரைத்துக் கொடுத்து, உடனே செவிலியரை அழையுங்கள். 15 நிமிடத்தில் மீண்டும் சர்க்கரை அளவைப் பார்க்கவேண்டும். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றலாகாது. பக்கவாதத்திற்குப் பின் விழுங்கச் சிரமப்படுபவர்களுக்குப் பணியாரம் எந்த வடிவிலும் ஏற்றதன்று; உலர்ந்து தொண்டையில் அடைக்கும். அவர்களுக்குச் சொல்லப்பட்ட குழைந்த உணவையே தொடருங்கள்.

கொண்டுவரும் முறைக்கும் ஒரு சொல். சுட்டதும் டப்பாவில் அடைத்தால் ஆவி நீராகி மொறுமொறுப்பும் போகும், விரைவில் கெடவும் செய்யும். தட்டில் பரப்பி ஆறவிட்டு அடைக்கவும். காரத்துக்கும் இனிப்புக்கும் வெவ்வேறு டப்பா. தேங்காய்ச் சட்னி இந்தப் பயணத்தைத் தாங்காது. மாறாக, நம் மாவட்டத்து வேர்க்கடலையை வறுத்து, காய்ந்த மிளகாய், பூண்டோடு பொடித்துக் கொண்டுவாருங்கள். 100 கிராம் கடலையில் 25 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களும் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களும் விடியலில் சுட்டதைக் காத்திருந்து உண்ணாமல், இங்கே சூடாகக் கிடைப்பதை வாங்கி உண்பதே பாதுகாப்பு.

முதல் வாய் வைக்கும்போது கடிகாரத்தைப் பாருங்கள். உணவுக்குப் பிந்தைய பரிசோதனைக்கு இரண்டு மணி நேரம் எண்ணுவது அந்த நிமிடத்திலிருந்தே. உண்டு முடித்த நேரத்திலிருந்து அன்று. சீட்டின் பின்புறம் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கமான அளவே உண்ணுங்கள். அளவைக் குறைத்து நல்ல எண்ணைக் காட்டினால், மருத்துவர் அந்த எண்ணை நம்பி மருந்தை முடிவுசெய்வார், பாதிப்பு உங்களுக்கே. இடையில் தேநீர், பிஸ்கட் வேண்டாம், தண்ணீர் குடிக்கலாம். இரண்டாவது இரத்தம் கொடுத்த பிறகும் டப்பாவில் ஏதேனும் மீந்திருந்தால், அதை மாலைக்கென்று வைத்திராமல், ஊர் திரும்பும் பேருந்து ஏறுமுன் மகளே உண்டு முடித்துவிடட்டும்.